ஸ்டாண்டில் சரியாக ஓடிய சைக்கிள்

அன்று மதியம் சைக்கிள் பட்டறைக்குள் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஊரில் அவரவர் இஷ்டத்துக்கு ஆளைக் கூட்டியும் குறைத்தும் பேசினார்கள்.

பட்டறையின் சொந்தக்காரரான பெரியவர் இருந்தார். அவருடைய தம்பி, முன்பக்க விற்பனைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் சின்னவர், சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமீபத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட மெக்கானிக், யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தார். துப்பறிவாளர் இருந்தார்; ஊரில் எல்லோருக்கும் அவர் மேடம்தான், இன்ஸ்பெக்டருக்கும்கூட. மேடத்தின் உதவியாளர் குடை இருந்தார். வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிவதால் வந்த பெயர் அது. அழைக்காமலே வந்து வாசற்படியில் நின்றவர் எதிர்க்கடை அச்சகக்காரர். இவர்கள் ஆறு பேர்தான். நடுவில், ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தது ஒரு சைக்கிள்.

அந்தச் சைக்கிள் சின்னவரின் மனைவியுடையது. அவர் நர்ஸ். இரண்டு நாளைக்கு முன் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், மேட்டுத்தெருவில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு, இப்போது பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் மாடியில் படுத்திருந்தார். கண்ணெதிரே பார்த்த பால்காரர் சொன்னது ஒன்றுதான். நர்ஸம்மா சீட்டை விட்டு எழும்பி மிதித்தார், பெடல் காற்றில் சுற்றியது, விழுந்தார்.

"பெடல் எப்படிங்க ஐயா காத்துல சுத்தும்?" என்று கேட்டார் குடை. "செயின் கழண்டிருந்ததா?"

"செயின் அப்படியே இருந்தது," என்றார் பெரியவர். "இது ஹப் கியர் வண்டி. பின்சக்கரத்துக்கு நடுவுல தடியா ஒரு உருளை இருக்கு பாருங்க, மூணு கியரும் அதுக்குள்ளதான். ஹேண்டில்பார்ல இருந்து ஒரு கேபிள் போய் உள்ள இருக்கறதை இழுக்கும். கேபிள் தளர்ந்தா மூணாவது, கொஞ்சம் இழுத்தா ரெண்டாவது, நல்லா இழுத்தா முதலாவது. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு இடம் உண்டு. கேபிள் அங்க நின்னுட்டா எந்தப் பல்லும் எதையும் பிடிக்காது. கால் வெறுமனே இறங்கும்."

"எங்க ஆபீஸ்ல நான் வேலை செய்யற மாதிரி," என்றார் குடை.

மேடம் பெடலைக் கையால் சுற்றினார். சக்கரம் ஓடியது. கியரை மாற்றிச் சுற்றினார், ஓடியது. மூன்றிலும் ஓடியது.

"வண்டியில ஒரு குறையும் இல்லையே, ஐயா."

"அதைத்தான் சொல்றேன்." பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ விழுந்ததுக்கு முந்தின சாயங்காலம் நானே இதை ஸ்டாண்டுல ஏத்தி ஒழுங்கு பண்ணினேன். மூணு கியரும் கச்சிதமா பிடிச்சுது. அப்புறம் பட்டறையைப் பூட்டிட்டேன். மறுநாள் கதவைத் திறந்ததும் முதல்ல உள்ள வந்தவன் இந்த மெக்கானிக். கருவி எடுக்க வந்தானாம். விழுந்த வண்டியைத் தெருவுல இருந்து தூக்கிட்டு வந்தவனும் இவன்தான். காலையில கேபிளைத் தளர்த்தினவன், கொண்டுவரும்போது திரும்ப முடுக்கிட்டான். வேலையை விட்டு அனுப்பின ஆத்திரம்."

"குற்றத்தைப் பண்ணி, அதைத் தானே ரிப்பேரும் பண்ணி, வீட்டு வாசல்ல இறக்கியும் வெச்சிருக்கார்," என்றார் குடை. "இவ்வளவு பொறுப்பான ஆளை ஏங்க வேலையை விட்டு நிறுத்தினீங்க?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. பொழுது சாயும்போது இன்ஸ்பெக்டர் வருவார், வந்தால் தன்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை ஸ்டேஷன் படி ஏறிய மெக்கானிக்கிடம் இந்த ஊரில் யாரும் வண்டியை விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

பெரியவருக்கும் தெரியும். அதனால்தான் பேசும்போதெல்லாம் அவர் கண், மெக்கானிக்கின் முகத்தை விட்டுவிட்டு அவர் சட்டைப் பொத்தானில் நின்றது. மீசை முளைக்காத வயதில் இந்தப் பட்டறைக்கு வந்தவர் மெக்கானிக், இதே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். ஒரு பெண் ஏறும் வண்டியில் அவர் கை வைக்கமாட்டார் என்பது பெரியவரின் மனதுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர் பார்க்க முடியாமல் தவிர்த்த இன்னொரு முகம் தம்பியுடையது.

விழுவதற்கு முந்தின மாலை புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாக்குவாதம். வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி வேலை ஒன்று நர்ஸுக்கு வந்திருந்தது. "நீ எப்படிப் போறேன்னு நானும் பார்க்கறேன்" என்று சின்னவர் கத்தியது, திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. மறுநாள் நர்ஸ் விழுந்தார். மத்தியானத்துக்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது: சின்னவர் கேபிளை அறுத்துவிட்டார்.

பெரியவர் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். அப்பா பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நின்று, என் வீட்டில்தான் தப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. வெளி ஆள் ஒருவன் மாட்டினால் குடும்பம் தப்பும். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பேசிக்கொண்டே அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன கட்டிங் பிளேயரை எடுத்து, குடையின் கக்கத்திலிருந்து தொங்கிய எதையோ நறுக்கென்று வெட்டினார்.

குடை குனிந்து பார்த்தார். "ஐயா. அது குடையைச் சுத்திக் கட்டற நாடா."

"தொங்கிட்டிருந்தது. பார்க்க நல்லாவா இருக்கு?"

"என்னைப் பார்த்துமா நல்லா இருக்கணும்னு எதிர்பார்க்கறீங்க?"

மேடம் தரையில் கிடந்த நாடாத் துண்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "விழுந்த இடத்தைக் காட்டுங்க, ஐயா," என்றார்.

*

குடை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்ட நாடா இல்லாத குடை, காற்று வந்தபோதெல்லாம் கக்கத்துக்குள்ளேயே விரிந்து அவரை இழுத்தது. ஒருமுறை எதிரே வந்த பெண்மணியின் காய்கறிப் பையை முட்டியது. "மன்னிக்கணும்மா, இது இன்னைக்கு யார் பேச்சையும் கேக்கறதில்ல," என்று சொல்லிவிட்டு வந்தார்.

மேட்டுத்தெரு செங்குத்தான தெரு. மேடத்தின் சொல்படி குடை அடிவாரத்தில் ஏறி, எழும்பி நின்று மிதித்து, மூச்சு வாங்க உச்சிவரை போய் இறங்கினார்.

"ஒரு இடத்துலயும் வழுக்கலை, மேடம். என் உயிர் மட்டும்தான் லேசா வழுக்கிச்சு."

மேடம் மேட்டைப் பார்க்கவேயில்லை. மேடு தொடங்குவதற்கு முன், கடைத்தெருவிலிருந்து இடது பக்கம் ஒடிந்து திரும்பும் மூலையில் குனிந்திருந்தார். அங்கே சைக்கிள் விளக்கின் உடைந்த கண்ணாடி வெயிலில் மின்னியது.

"மேட்டுல விழுந்ததா சொன்னீங்க. கண்ணாடி இங்க கிடக்கே."

"மேட்டுக்காக வேகம் எடுத்திருப்பா. எழும்பி மிதிக்கத் தொடங்கினது இங்கயா இருக்கும்," என்றார் பெரியவர்.

"இருக்கும்," என்றார் மேடம்.

"மேடம், அப்படின்னா அந்த மூலையிலயும் ஒரு சுத்து ஓட்டிக் காட்டட்டுமா?"

"வேண்டாம். எனக்கு இருக்கறது ஒரு குடைதான்."

*

மாடி அறையில் நர்ஸ் தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் சின்னவர் கொண்டுவந்து வைத்த பால் ஆறி ஆடை கட்டியிருந்தது; தொடவில்லை.

"கடைத்தெருவுல மூணாவது கியர்லதான் வந்தேன்," என்றார் நர்ஸ். "இடது பக்கம் ஒடிச்சுத் திரும்பும்போதே எழும்பி மிதிச்சேன். பெடல் காணாமப் போச்சு. அவ்வளவுதான் ஞாபகம்."

"உங்க வண்டியில சமீபத்துல ஏதாவது புதுசா மாத்தினாங்களா?"

"உசரமான ஹேண்டில்பார். குனிஞ்சு ஓட்டி முதுகு வலி. மெக்கானிக்கிட்ட கேட்டேன், மறுநாளே போட்டுக் கொடுத்தார்." அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். கணவரின் அண்ணனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். "மாமா, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அவர் செஞ்சாரா?"

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

பெரியவர் ஜன்னல் திரையின் மடிப்பை நீவிச் சரிசெய்தார். "மெக்கானிக்தான்மா. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றார்."

"எனக்கு முதுகு வலிக்குதுன்னு தன் சாப்பாட்டு நேரத்துல ஹேண்டில்பார் மாட்டினவர், என்னைக் கீழ தள்ளவா பார்ப்பார்?" நர்ஸ் தலையணையிலிருந்து நிமிரப் பார்த்தார். "என் வீட்டுக்காரரா இல்லையான்னு தெரியாம இந்த வீட்டுல எப்படி மாமா கண்ணை மூடித் தூங்கறது?"

பெரியவர் படிப்பக்கம் திரும்பினார். படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதை அவர் வழக்கமாகப் பிடிப்பதில்லை.

கீழே குழாயடியில் மேடம் கை கழுவினார். பக்கத்துச் சுவரில் ஆணி, ஆணியில் ஒரு வளையம், வளையத்தில் துண்டு. மேடம் துடைத்துவிட்டுத் துண்டைத் திரும்ப மாட்டும்போது வளையத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். சாம்பல் நிறம். கம்பி உள்ளே, வழுவழுப்பான உறை வெளியே. சேர்ந்த இடம் தெரியாதபடி முனை பற்றவைத்திருந்தது.

"இவ்வளவு நேர்த்தியா யார் செஞ்சது?"

"நான்தான்," என்றார் பெரியவர். அன்று முழுக்க அவர் நிமிர்ந்து சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். "இந்த வீட்டுல எதையும் வீணாக்கறதில்ல."

"புதுசா இருக்கே."

"அந்த வண்டியோட கேபிள் உறைதான். இவன் உசரமான ஹேண்டில்பாரைப் போட்டு, அதுக்கு முன்னால கேபிளைத் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கவிட்டிருந்தான். எங்க பட்டறை வண்டியில கேபிள் தொங்கி யாரும் பார்த்ததில்ல. அப்பா காலத்துல இருந்து ஃபிரேமோட ஒட்டித்தான் போகும். கேட்டா, 'இருக்கட்டும் முதலாளி'ன்னான். எதிர்த்துப் பேசினதுக்குத்தான் நிறுத்தினேன். அப்புறம் நானே ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு, இழுத்து ஒழுங்கா கட்டினேன்."

"எங்ககிட்ட 'ஒழுங்கு பண்ணினேன்'னு மட்டும்தான் சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது? ஒழுங்குதானே பண்ணினேன்."

குடை எதையோ சொல்ல வாயைத் திறந்து, மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவரோடு பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

*

பட்டறையில் சைக்கிள் மறுபடி ஸ்டாண்டில் ஏறியது. ஏற்றியதும் பெரியவரின் கை தானாகப் போய், ஹேண்டில்பாரை ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு தோல் வாரால் இறுக்கியது.

"எதுக்கு ஐயா இந்த வார்?"

"முன்சக்கரம் ஆடாம நேரா நிக்கணும்ல? அப்பா வெச்ச பழக்கம். இந்தப் பட்டறையில வாரைக் கட்டாம எந்த வண்டியையும் சோதிக்கமாட்டோம்."

"அன்னைக்குச் சாயங்காலமும் கட்டித்தான் சோதிச்சீங்க?"

"பின்னே?"

மேடம் மூன்றாவது கியரில் வைத்தார். "பெடலைச் சுத்துங்க, ஐயா." பெரியவர் சுற்றினார். சக்கரம் ஓடியது. மேடம் வாரை அவிழ்த்தார். ஹேண்டில்பாரை மெதுவாக இடது பக்கம் திருப்பினார், கடைத்தெருவிலிருந்து மேட்டுத்தெருவுக்குத் திரும்புவதுபோல.

சாம்பல் நிற உறை விறைத்து நின்றது. உயரமான ஹேண்டில்பாரில் கேபிள் கிளம்பும் வலது முனை முன்னால் போகப் போக, எட்டாத உறை ஃபிரேமில் தன்னைப் பிடித்திருந்த கிளிப்பிலிருந்து நகக்கண் அளவு வெளியே வந்தது. உள்ளே இருந்த கேபிளை அந்த அளவுக்கு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த அந்த வெற்று இடம்வரை, இழுத்தது.

பெரியவரின் கையில் பெடல் சுற்றியது. சக்கரம் ஓய்ந்து நின்றது.

மேடம் ஹேண்டில்பாரை நேராக்கினார். டிக் என்று ஒரு சத்தம். உறை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பெடல் பிடித்தது. சக்கரம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

வாசற்படியில் அச்சகக்காரர் எட்டிப் பார்க்கும் ஆவலில் ஒரு படி உள்ளே வந்திருந்தார்.

மேடம் கைப்பையிலிருந்து அந்த நாடாத் துண்டை எடுத்துப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார். "தொங்கினதுக்கு ஒரு வேலை இருந்தது, ஐயா. குடைக்கும் சரி, வண்டிக்கும் சரி. வண்டியைக் கெடுக்க நினைச்ச ஆளையே தேடிட்டிருந்தோம். உங்களைப் பத்தி யாருக்கும் தோணலை. உங்களுக்கும்தான்."

பெரியவர் மறுபடி ஹேண்டில்பாரைத் தானே திருப்பினார். பெடல் சுற்றியது. நேராக்கினார், பிடித்தது. மூன்றாம் தடவையும் செய்துபார்த்தார். நாற்பது வருஷமாக எத்தனை வண்டியை வாரைக் கட்டி, சரி என்று சொல்லி அனுப்பியிருப்போம் என்ற நினைப்பு அவரை எங்கோ இழுத்துக்கொண்டு போனது.

"உனக்குத் தெரியுமா?" மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார்.

"உறை குட்டையா இருந்ததைப் பார்த்தேன். நீங்க வெட்டினதுன்னும் தெரிஞ்சுது, முனையைப் பத்தவெச்ச விதத்துல. ஆனா திரும்பும்போது இழுக்கும்னு சத்தியமா எனக்குத் தோணலை, முதலாளி. திருடனை நிக்கவெச்ச மாதிரி நிக்கவெச்சீங்க. அப்புறம் எனக்கு எதையும் யோசிக்கவே பிடிக்கலை."

சின்னவர் சுவரை விட்டு முன்னால் வந்தார். "அண்ணே, இந்த ரெண்டு நாளா நீங்க என் முகத்தையே பார்க்கலை. நான் செஞ்சிருப்பேன்னு நினைச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியைப் பெரியவர் போகவிட்டார்.

"நினைச்சேன்."

சின்னவர் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். மாடிப்படியில் அவர் ஏறும் சத்தம் கேட்டது. வேகமாக ஏறினார். மேலே கதவு திறந்தது, மூடவில்லை.

பொழுது சாய இன்ஸ்பெக்டர் வந்தார். பெரியவர் வாசலிலேயே நின்று, "ஆள் மாறிப்போச்சு. நான்தான்," என்றார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல கேஸ் எழுத ஒண்ணும் இல்லீங்க, ஐயா. கவனக்குறைவு," என்று சொல்லிப் போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும் என்று பெரியவருக்குத் தோன்றியது.

"நீ போட்டிருந்த மாதிரியே புதுக் கேபிள் போட்டுடு," என்றார் மெக்கானிக்கிடம். "தொங்கட்டும்."

"போடறேன். நர்ஸம்மாவுக்காக. வேலைக்குத் திரும்பி வர்றதைப் பத்தி இப்ப கேக்காதீங்க."

பெரியவர் கேட்கவில்லை. ஆனால் ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார். மெக்கானிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

போகும்போது குடை, தன் குடையை ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருந்தார். "ஐயா, இதுவும் கொஞ்சம் தொங்கும். கண்ணை மூடிக்கங்க," என்றார்.

*

மறுநாள் காலை கடை வாசலில் நர்ஸின் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாருக்கு முன்னால் கேபிள் தாராளமாக வளைந்து தெருவைப் பார்த்துத் தொங்கியது. பெரியவரின் கை சட்டைப் பைக்குப் போய், வெறுமனே திரும்பியது.

எதிர்க்கடையிலிருந்து அச்சகக்காரர் வந்தார். இரண்டு கையாலும் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நேத்து என் கண்ணால பார்த்தேன். ராத்திரி எல்லார்கிட்டயும் சொன்னேன். தம்பி செஞ்சதை மறைக்க, அந்த மேடத்தைக் கூட்டிவந்து ஒரு வித்தை காட்டி, பழியைத் தன் தலையில ஏத்துக்கிட்டாரே மனுஷன். இந்தக் காலத்துல எந்த அண்ணன் செய்வான்? குடும்பம்னா அது உங்க குடும்பம்தான்னு ஊரே பேசுது."

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் மரியாதை. அவர் அப்பாவுக்குக்கூட இந்தத் தெரு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. பேசாமல் நின்றால் போதும், அது அவருடையதாகிவிடும். மாடி ஜன்னல் திறந்திருந்தது.

பெரியவர் கையை விடுவித்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தப்பா சொல்றீங்க. என் தம்பி அந்த வண்டியைத் தொடவே இல்ல. மெக்கானிக் போட்டதுதான் சரி. கேபிளை வெட்டினவன் நான்."